மூக்கு இருக்கை

ஆண் சிங்கத்தை ரேடியோவில் நாங்கள் "மருமகன்" என்றுதான் சொல்வோம். பழைய சொற்களையெல்லாம், சிங்கம் பார்க்க எங்கள் காட்டு விடுதிக்கு வரும் விருந்தினர்கள் இரண்டாம் நாளே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். "இங்காலா" என்று சிங்கத்தின் பெயரை ஒரு தடவை சொன்னால் போதும், பின்வரிசை அம்மாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிடுவார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சிங்கம் இடம் மாறியிருந்தால், அந்தக் குறையை முகத்தில் வைத்துக்கொண்டே காலை உணவுக்கு வருவார். அதனால் வேறு சொல் வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் கெசானி.

கெசானி எனக்கு அக்காள் மகன். தென்னாப்பிரிக்காவில் எங்கள் ட்சோங்கா ஜனத்தில் அக்காள் மகனுக்கு மாமன் வீட்டில் இருக்கும் உரிமைக்கு எல்லை கிடையாது. மாமன் தட்டில் இருக்கும் கறியை எடுத்துத் தின்னலாம். மாமன் கழற்றி வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டலாம். மாமன் பெண்டாட்டியை "என் பெண்டாட்டி" என்று கூப்பிடலாம். மாமன் கோபப்படக் கூடாது. எடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. கேட்டால் ஊர் சிரிக்கும். வேண்டுமானால் வாய் வலிக்கத் திட்டிக்கொள்ளலாம்.

"யோசிச்சுப் பாருங்க மாமா," என்றான் கெசானி. "அஞ்சு பொம்பளைங்க ஓடி, உதை வாங்கி, ஒரு எருமையைச் சாய்க்கறாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் கொட்டாவி விட்டுக்கிட்டு ஒருத்தன் வர்றான். எல்லாரும் எந்திரிச்சு வழி விடறாங்க. தின்னுட்டு அங்கயே படுத்துக்கறான். ஏன்னு ஒருத்தி கேக்கல. அவன் யாரு? மருமகன்தானே?"

இதைச் சொல்லிக்கொண்டே என் டப்பாவிலிருந்து கோழிக்காலை எடுத்துக்கொண்டான். எனக்கு மிச்சம் இருந்தது சோளக்களியும் கீரையும்.

இரண்டு வாரத்தில் அந்தச் சொல் காட்டில் ஓடும் எல்லா வண்டிகளுக்கும் பரவிவிட்டது. பெண் சிங்கங்கள் "அக்காக்கள்". குட்டிகள் "பள்ளிக்கூடம்". ரேடியோவில் கேட்டால் ஏதோ கல்யாண வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கும்: "மருமகன் ஆத்தங்கரையில படுத்திருக்காரு, அக்காக்கள் பள்ளிக்கூடத்தோட மேட்டுப்பக்கம் போறாங்க."

உறவில் மருமகன் என்றாலும் கெசானி என்னைவிட மூன்று வயது மூத்தவன். அக்கா கல்யாணமாகிப் போய் அவனைப் பெற்ற பிறகுதான் என் அம்மாவுக்கு நான் பிறந்தேன். அவன் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நான் பத்து முடித்தவன், கிடைத்த பேப்பரையெல்லாம் படிப்பவன், அகராதியை வேடிக்கைக்காகப் புரட்டுபவன். இப்படியிருக்க, வண்டி ஓட்டிக்கொண்டு விருந்தினருக்கு விளக்கம் சொல்லும் வழிகாட்டியாக அவனும், வண்டியின் மூக்கில் துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து மண்ணைப் பார்த்துத் தடம் சொல்பவனாக நானும் ஆனது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். விடை எளிது. வழிகாட்டித் தேர்வை இருவரும் ஒரே நாளில் எழுதினோம். முதல் கேள்வி, "சிங்கத்தின் கர்ப்பகாலம் எத்தனை நாள்?" அவன் "110" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான். நான், ஒரு பெண் சிங்கம் பிரசவத்துக்கு முன் கூட்டத்தைப் பிரிந்து பாறை இடுக்கு தேடும் விதத்தைப் பற்றி எழுதத் தொடங்கினேன். நன்றாக வந்தது. மூன்றாம் பக்கத்தில் மணி அடித்துவிட்டார்கள்.

அதனால் மூக்கு இருக்கை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இருபது வருடம் காட்டுக் காற்றை முதலில் வாங்கிய முகம் என்னுடையது. "உபீசி காட்டினால் சிங்கம் இருக்கும்" என்று என்னைப் பற்றிப் பக்கத்து விடுதிகளில்கூடப் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை நானே எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

நாற்பத்தைந்து வயதில் என் கண்ணில் புகை படிய ஆரம்பித்தது.

முதலில் வண்டிக் கண்ணாடி அழுக்கு என்று நினைத்தேன். மூக்கு இருக்கைக்கு முன்னால் கண்ணாடியே கிடையாது என்பது நினைவுக்கு வர ஒரு வாரம் ஆனது. பிறகு அந்த வருடம் தூசி அதிகம் என்று முடிவு செய்தேன். மழை பெய்து தூசி அடங்கிய பிறகும் புகை போகவில்லை. ஊருக்கு வந்த செவிலி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டு கண்ணிலும் புரை என்றாள். அறுவைக்குப் பெயர் கொடுக்கச் சொன்னாள். நான் அவளுக்கு நன்றி சொன்னேன், பெயர் கொடுக்கவில்லை. கண் சரியில்லாத தடம் பார்ப்பவனை எந்த விடுதி வைத்துக்கொள்ளும்? பெயர் கொடுத்த மறுநாள் செய்தி மேலாளர் மேசைக்கு வந்துவிடும். இருக்கை போய்விடும். அந்த இருக்கை போனால் நான் யார் என்பதற்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

ஆகவே காதை வைத்துச் சமாளித்தேன். கௌதாரி கத்துவது, இம்பாலா மான் தும்முவது, கழுகு எந்த மரத்தில் இறங்குகிறது என்று பின்னால் யாராவது சொல்வது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, கையை உயர்த்தி, "நிறுத்து" என்பேன். அங்கே தடம் இருக்கும். என் திறமையை நினைத்து எனக்கே வியப்பாக இருந்தது. நான் கையை உயர்த்துவதற்கு ஒரு நொடி முன்பே வண்டி வேகம் குறைந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க எனக்குப் பல மாதம் பிடித்தது. கவனித்த பிறகும், வண்டி பழையது, தானாகவே திணறுகிறது என்றுதான் வைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் குளிர்காலத் தொடக்கத்தில், எங்களுக்கு அது மே மாதம், கிழக்கிலிருந்து இரண்டு ஆண் சிங்கங்கள் வந்தன. அண்ணன் தம்பி, ஐந்து வயது, பிடரி இன்னும் முழுதாக நிறையாதவை. எங்கள் பக்கத்துக் கூட்டத்தில் ஐந்து அக்காக்கள், ஏழு குட்டிகள், காவலுக்கு ஒரே ஒரு கிழட்டு மருமகன். அவனுடைய சகோதரர்கள் இருவரும் முன்பே போய்விட்டார்கள். புதியவர்கள் அவனை விரட்டினால் குட்டிகளைக் கொல்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் தினமும் காலையில் ஒரே கேள்விதான்: வெளியூர் மருமகன்கள் எங்கே?

அதே மாதத்தில்தான் தடம் பார்ப்பவர்களுக்கெல்லாம் சோதனை வைப்பதாக நிர்வாகம் அறிவித்தது. கியானி ஊரிலிருந்து ஷிலுவானே என்ற பெரிய மனிதர் வருவார். தேறாதவர்கள் இருக்கையிலிருந்து இறங்கவேண்டும்.

"மாமா, உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்களேன்," என்றான் கெசானி.

"எனக்கென்னடா உடம்புக்கு? உனக்குத்தான் பொறாமை."

"ஆமா. உங்க அழகு மேல."

"போடா, என் சோத்தைத் தின்னே வளந்தவனே."

"அதான் குள்ளமாயிட்டேன்."

 சோதனைக்குப் போகவேண்டாம் என்று அவன் ஏன் சொன்னான் என்று நான் யோசிக்கவில்லை.

ஷிலுவானே வெள்ளை முடிக்காரர். கையில் ஒரு நீளக் குச்சி. காலையில் ஆற்று மணலுக்குக் கூட்டிப் போனார். மண்ணில் ஓர் அடையாளத்தைச் சுற்றி வட்டம் போடுவார். யார், எப்போது, எங்கே போகிறார் என்று சொல்லவேண்டும். நான் மண்டியிட்டு, மூக்கு மண்ணில் படுமளவு குனிந்து, விரல் நுனியால் விளிம்பைத் தொட்டுப் பார்த்துச் சொன்னேன். சாய்வெயிலில் நிழல் நன்றாக விழுந்ததால் பாதிக்கு மேல் சரியாகவே சொன்னேன். அவர் என் குனிவைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

எட்டாவதாக ஒரு நீளமான கோடு மங்கலாகத் தெரிந்தது. அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

"மலைப்பாம்பு. இன்னைக்குக் காலைல. வெயில் தேடிப் போகுது."



"அது என் குச்சி இழுத்த கோடு," என்றார் ஷிலுவானே.

"மாமா கிண்டல் பண்றாரு சார்," என்றான் கெசானி பின்னாலிருந்து. "வர்ற பெரியவங்கள எல்லாம் இப்படித்தான் ஒரு தடவை சீண்டிப் பாப்பாரு. மரியாதை தெரியாத குடும்பம். எங்கம்மா பொறந்த வீடு, நான் சொல்லக்கூடாது."

ஷிலுவானே உரக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். 

அடுத்தது உண்மையான வேலை. புதிய சிங்கத் தடம் ஒன்றைப் பிடித்து, நடந்தே பின்தொடர்ந்து, சிங்கத்தைக் காட்டவேண்டும். முன்னால் நான். என் வலது தோளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு கெசானி. அவனுக்குப் பின்னால் ஷிலுவானே. காய்ந்த ஓடை ஒன்றின் வழியே தடம் போனது. மணலில் பெரிய பெரிய குழிகள். அது எனக்கே தெரிந்தது.

"கிழவன்," என்று கிசுகிசுத்தேன். "தனியா போறான். நேத்து சாயங்காலம் நடந்தது."

"ம்," என்றான் கெசானி. அந்த "ம்"மில் ஏதோ இருந்தது. அவை ஒன்றின் மேல் ஒன்றாகக் கால் வைத்துப் போன இரண்டு சிங்கங்களின் தடங்கள், அரை மணி நேரத்துக்கு முந்தியவை என்று அவன் பிறகு சொன்னான். அப்போது சொல்லியிருந்தால் அங்கேயே என் சோதனை முடிந்திருக்கும். துப்பாக்கியை மட்டும் தோளிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

ஓடை வளையும் இடத்தில் ஒரு மருலா மரம். அதன் அடியில் மஞ்சளாக, பெரிதாக, அசையாமல் ஒன்று படுத்திருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கையை உயர்த்தினேன். மெதுவாகத் திரும்பி ஷிலுவானேவுக்குக் கண்ணால் காட்டினேன். அவர் முகம் தெளிவாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவர் மருலா மரத்தைப் பார்க்கவில்லை, எனக்கு இடப்பக்கம் பார்க்கிறார் என்று கண்டுகொண்டிருப்பேன்.

"மாமா," என்றான் கெசானி, உதடு அசையாமல். "அசையாதீங்க."

அப்போது உறுமல் கேட்டது. ஓடைக்கரைகளுக்கு நடுவே அந்தச் சத்தம் எல்லாப் பக்கமும் மோதித் திரும்பியது. மருலா மரத்தடியில் இருப்பவன்தான் உறுமுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். சிங்கம் பாய்ந்து வந்தால் ஓடக் கூடாது, அதன் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டும், தாழ்ந்த குரலில் பேசவேண்டும். முதல் நாள் கற்றுக்கொடுப்பது அது. நான் மருலா மரத்தை நேராகப் பார்த்து, மார்பை விரித்து நின்று, "நில்லு. அங்கயே நில்லு. உன்னை எனக்குத் தெரியும்," என்று சொல்ல ஆரம்பித்தேன்.

மருலா மரத்தடியில் இருந்தது கறையான் புற்று.

வெளியூர் மருமகன்களில் பெரியவன், எனக்கு இடப்பக்கம் பின்னாலிருந்த புதரிலிருந்து கிளம்பி, வாலைச் சுழற்றிக்கொண்டு, மணல் பறக்க என் முதுகை நோக்கி வந்துகொண்டிருந்தான். தன்னைப் பார்த்ததும் ஓடுகிற மனிதர்களை அவன் பார்த்திருப்பான். உறைந்து நிற்பவர்களைப் பார்த்திருப்பான். தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு புற்றை அதட்டுகிறவனை அவன் அதுவரை பார்த்ததில்லை. எட்டு தப்படி தள்ளி நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான். புற்றைப் பார்த்தான். பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரை ஏறிப் போய்விட்டான். இவ்வளவும் கெசானி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் கழுத்தில் மணல் விழுந்தது மட்டும்தான் நான் நேரில் அனுபவித்தது.

ஷிலுவானே குச்சியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"முப்பது வருஷம் இந்த வேலைல இருக்கேன்," என்றார். "பாய்ஞ்சு வர்ற சிங்கத்துக்கு முதுகைக் காட்டி நின்ன மனுஷனை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"எங்க மாமா அப்படித்தான் சார்," என்றான் கெசானி. "தராதரம் பாத்துத்தான் முகம் குடுப்பாரு."

என்ன நடந்தது என்று புரிய எனக்கு நேரமாயிற்று. புரிந்ததும் அங்கேயே மணலில் உட்காரப் போனேன். ஷிலுவானே அதைப் பார்ப்பதற்குள் கெசானி என் தோளில் கை போட்டுத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வண்டிவரை நடத்திக் கூட்டி வந்தான். அறிக்கையில் "அசாதாரண நிதானம்" என்று எழுதியிருந்தது. எங்கள் விடுதியில் மிக உயர்ந்த தரம் எனக்குத்தான். நான்கு பேர் இறங்கினார்கள், நான் இருந்தேன்.

ஒரு மனிதனுக்கு அப்போதாவது வெட்கம் வரவேண்டும். எனக்கு வரவில்லை. புற்று ஒரு தற்செயல், தேர்ச்சி என் திறமை என்று மனசு அழகாகப் பிரித்துக்கொடுத்துவிட்டது. முன்னோருக்கு நன்றி சொல்ல ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆடு அடித்தேன்.

மத்தியானம் முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். என் மனைவி மிசவேனி, அக்கா, பக்கத்து வீட்டார், விடுதியில் வேலை செய்கிறவர்கள். முன்னோருக்கு வைத்த கறிக்கு முன் நின்று நான் ஒவ்வொரு பெயராகச் சொல்லி வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். வழக்கம்போல நீண்டுவிட்டது. வேண்டுதல் நீளும்போது அக்காள் மகன் பாய்ந்து படையலைப் பிடுங்கிக்கொண்டு ஓடவேண்டும், மற்றவர்கள் கையில் கிடைத்ததை அவன் மேல் எறிந்துகொண்டே துரத்தவேண்டும். எங்கள் வீடுகளில் வேண்டுதல் முடிவது அப்படித்தான். பிள்ளைகள் ஏற்கெனவே சாணி உருண்டையோடு தயாராக நின்றார்கள்.

கெசானி எழுந்து வந்தான். கறியைத் தாண்டிப் போனான். என் இடுப்பில் செருகியிருந்த, தடத்தைச் சுட்டிக்காட்டும் குச்சியை உருவிக்கொண்டான்.

"இது எனக்கு," என்றான். "இதோட, மாமா உக்கார்ற மூக்கு இருக்கையும் எனக்கு. எல்லாரும் கேட்டுக்கங்க. நான் எடுத்துக்கிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சாணி உருண்டைகள் பறந்தன. ஒன்று என் மேலும் விழுந்தது.

"டேய், கறியை எடுடா," என்றேன். 

"கறி வேணாம் மாமா. பல்லு வலி."

"அது என் பொழப்புடா."

"தெரிஞ்சுதானே எடுத்தேன்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிசவேனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அத்தனை பேர் முன்னால் எடுத்ததைத் திருப்பிக் கேட்ட மாமன் எங்கள் ஊரில் இதுவரை கிடையாது. முதல் ஆளாக இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சிங்கத்துக்கு முதுகைக் காட்டிய வீரன் ஒரு குச்சிக்காக அழாமல் நிற்பதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சோதனை முடியற வரைக்கும் பொறுத்தேன். நீங்க தேறினீங்க, பேரு நின்னுச்சு. அது போதும்," என்றான். "செவ்வாய்க்கிழமை வண்டில ஒரு அம்மா ரெண்டு குழந்தைங்களோட இருந்தா மாமா. நீங்க கை காட்டின பக்கமே எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. சிறுத்தை இந்தப் பக்கம் படுத்திருந்துச்சு."

நான் சட்டையில் ஒட்டிய சாணியைச் சுரண்டினேன்.

"கண்ணுக்குப் பேரு குடுத்துட்டேன். அக்டோபர்ல தேதி. அதுவரைக்கும் அந்த இருக்கைல யாரும் உக்கார மாட்டாங்க. மேலாளர்கிட்ட சொல்லிட்டேன், அது குடும்ப விஷயம்னு."

"நீ யாருடா எனக்குப் பேரு குடுக்க?"

"உங்க மருமகன். நீங்க திட்டறதுன்னா இப்பத் திட்டிக்கங்க."

திட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அகராதியில் இருந்து சிலவற்றையும் சேர்த்துக்கொண்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மீதமிருந்த பீரைக் குடித்துவிட்டுப் போனான்.

நான்கு மாதம் நான் விடுதியின் காய்கறித் தோட்டத்தில் காவலிருந்தேன். குரங்குகள் இரண்டே நாளில் என்னைப் புரிந்துகொண்டன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தக்காளி போனது. ஒரு தடவை ஒரு குரங்கை சமையல்காரரின் மகள் என்று நினைத்து நலம் விசாரித்தேன்.

கெசானி மூக்கு இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டே வண்டி ஓட்டினான். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே தடம் பார்ப்பது கழுத்து ஒடிகிற வேலை. தினமும் மாலை தோட்ட வேலிக்கு வந்து அன்றைய சிங்கங்களைச் சொல்வான். கோபத்தில் இருந்த நான் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்பேன். ஆகஸ்டில் வெளியூர்க்காரர்கள் கிழவனை ஆற்றுக்கு அப்பால் விரட்டிவிட்டார்கள். ஏழு குட்டிகளில் ஐந்து போயின. ஓர் அக்கா மட்டும் இரண்டைக் கூட்டிக்கொண்டு தெற்கே ஓடிவிட்டாள்.

"மத்த நாலு பேரும்?" என்று தக்காளிச் செடியைப் பார்த்துக் கேட்டேன்.

"புது மாப்பிள்ளைங்களோட படுத்திருக்காங்க மாமா. ஒரு மாசம் ஆகல."

"வெட்கம் கெட்டவங்க."

"அவங்களுக்கு வேற வழி என்ன?" என்றான். பிறகு வேலிக் கம்பம் கிரீச்சிட, அதில் சாய்ந்து ரொம்ப நேரம் நின்றான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன்.

அக்டோபரில் அரசு மருத்துவமனையில் முதல் கண், பத்து நாள் கழித்து அடுத்த கண். கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது செவிலியின் சட்டை. அது நீலம். நீலம் என்று ஒரு நிறம் இருப்பதையே நான் மறந்திருந்தேன். அதுவரை எல்லாம் பழுப்பேறிய பேப்பர் மாதிரி மஞ்சளாகவே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மிசவேனியைப் பார்த்து, "இந்தக் கிழவி யாரு?" என்றேன். "கண்ணாடி அந்தப் பக்கம் இருக்கு, போய்ப் பாரு, அங்க ஒரு கிழவன் நிப்பான்," என்றாள். சிரித்தாள். ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எதையோ பார்த்துவிடுவேன் என்பது போல.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் விருந்தினர் யாரும் இல்லை. விடியும் நேரத்தில் கெசானி வண்டியோடு வாசலில் நின்றான். கறுப்புக் கண்ணாடி, காதுவரை இழுத்த தொப்பி.

"ஏறுங்க."

"எங்க?"

"என் இருக்கைல. இரவல்தான். நல்லா நடந்துக்கிட்டா வெச்சுக்கலாம்."

ஏறினேன். மண்ணைப் பார்த்தேன். ஐயோ, அந்த மண். ஒவ்வொரு மணலுக்கும் ஒரு நிழல். கினிக்கோழியின் விரல், வண்டு இழுத்துப் போன கோடு, எல்லாம் யாரோ இரவெல்லாம் உட்கார்ந்து எனக்காக எழுதி வைத்தது மாதிரி இருந்தது. ஒரு மைல் போவதற்குள் கையை உயர்த்தினேன். வண்டி அதற்குப் பிறகுதான் நின்றது.

"ரெண்டு பேரு," என்றேன். "ஒருத்தன் மேல ஒருத்தன் கால் வெச்சுப் போயிருக்காங்க. பனி விழுந்ததுக்கு அப்புறம். வடக்கே."

"சரி," என்றான் கெசானி. அவ்வளவுதான் சொன்னான்.

வடக்கே திரும்பிய இடத்தில் இருவரும் புல்லில் படுத்திருந்தார்கள். பெரியவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தேன். மூக்கின் மேல் பழைய கீறல்கள் மூன்று, இடது கண்ணுக்குக் கீழே புதிதாக ஒன்று, இன்னும் ஈரம் காயாமல். பிடரி கழுத்துப் பக்கம் கறுக்க ஆரம்பித்திருந்தது. கண் தேன் நிறம். இதையெல்லாம் கெசானிக்குச் சொல்லவேண்டும் என்று சந்தோஷத்தோடு திரும்பினேன்.

மூக்கு இருக்கையில் உட்கார்ந்தவன் ஓட்டுபவனுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரவேண்டும். இருபது வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வெயில் இன்னும் ஏறாததால் கெசானி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

கன்னம் உள்ளே போயிருந்தது. கழுத்தில் சட்டைக் காலர் தொளதொளவென்று நின்றது. கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை.

"என்னடா கண்ணு இது?"

"எது?"

"மஞ்சளா இருக்கு."

"டாக்டர் உங்களுக்கு மட்டமான லென்ஸ் வெச்சுட்டாரு. போய் மாத்திட்டு வாங்க மாமா."

ஒரு கணம் அதை நம்பினேன். சிங்கத்தைத் திரும்பிப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன். எல்லாம் அதனதன் நிறத்தில் இருந்தன.

"எப்பலேருந்து?"

"மூணு மாசம். நாலு இருக்கலாம்."

"யாருக்குத் தெரியும்?"

"பாத்திரம் கழுவற பொண்ணுலேருந்து எல்லாருக்கும் தெரியும். முகத்துல எழுதி ஒட்டியிருக்கே."

"மிசவேனிக்கு?"

"என் பெண்டாட்டிக்குத் தெரியாம இருக்குமா?"

"எனக்கு ஏன்டா யாரும் சொல்லல?"

"நான்தான் வாயைக் கட்டி வெச்சேன். தெரிஞ்சா நீங்க என்னை இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சிருப்பீங்க. உங்க தேதி போயிருக்கும். தவறினா அடுத்தது ஒன்றரை வருஷம் கழிச்சுன்னாங்க." கண்ணாடியைத் துடைத்தான். "நானே ரெண்டு தடவை போனேன் மாமா. ஈரல்ல கட்டி. பெருசாயிடுச்சாம். அறுக்கறதுக்கு ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

சிங்கங்களில் சிறியவன் எழுந்து, சோம்பல் முறித்து, வேறு நிழலுக்குப் போய்ப் படுத்தான்.

"நாலு மாசம் வேலிக்கு வந்தியேடா," என்றேன். "நான் முகத்தைக்கூடத் திருப்பல."

"திருப்பியிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

அது உண்மைதான். உண்மை என்பதால் எனக்கு அது இன்றுவரை ஆறுதலாக இல்லை. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய தடத்தைப் பார்த்து, போனவன் நொண்டினானா, வயிறு நிறைந்திருந்ததா என்று சொல்லப் பேர்பெற்றவன் நான். எனக்குப் பின்னால் இரண்டு முழத்தில் ஒருவன் மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்திருக்கிறான்.

அன்று வண்டியை நான் ஓட்டித் திரும்பினேன். கெசானி மூக்கு இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டான். எனக்கு ஓட்ட வராது. இரண்டு தடவை புதருக்குள் விட்டேன். "மாமா, பாதை இந்தப் பக்கம். கண்ணுதான் தெரியுதே!" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தான்.

டிசம்பர் முதல் வாரத்தில், அக்கா வீட்டில், காலையில், அவன் இறந்தான். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன்.

அந்த வண்டிக்கு இப்போது ஃபும்லானி என்ற பையன் ஓட்டுநராக வந்திருக்கிறான். நல்ல படிப்பு, நல்ல மரியாதை, என் சாப்பாட்டைத் தொடமாட்டான். வெளியூர் மருமகன்கள் இருவரும் இப்போது உள்ளூர்க்காரர்கள். பன்னிரண்டு குட்டிகளுக்குத் தகப்பன்மார். தினமும் காலையில் கிளம்புவதற்கு முன் நான் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, ஃபும்லானியின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். கண்ணின் வெள்ளை, நாக்கு, கன்னம். பிறகுதான் வண்டி கிளம்பும். விருந்தினர்கள் இதை ஏதோ பழங்குடிச் சடங்கு என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். கிழவர் தினமும் என்னை முறைத்துப் பார்க்கிறார் என்று அந்தப் பையன் மேலாளரிடம் புகார் சொல்லியிருக்கிறானாம். சொல்லட்டும்.